விழுந்து கும்பிடாத யோகராணி

யோகராணியைச் சாமியார் ஆக்கியது ஒரு பிணம்.

பிணத்தின் மேல் தப்பில்லை. அது பாட்டுக்குப் பூ ஜோடித்த பாடையில் படுத்துக்கொண்டு சுடுகாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. முன்னால் பறைக்கு ஆடிக்கொண்டு போன ஆள்தான், அடி அண்ணாமலை வளைவில், பௌர்ணமிக் கூட்டம் கிரிவலம் வரும் நேரமாகப் பார்த்து, பீடி நெருப்பால் ஓர் அணுகுண்டு வெடியைப் பற்றவைத்துப் பாதையோரம் உருட்டிவிட்டான்.

டமார்!

அடுத்த நொடி, கடலை வண்டிக்குப் பின்னால் நின்றிருந்த யோகராணியைக் காணோம். தரையில் கிடந்தாள். குப்புற விழுந்து, முழங்கைகளை ஊன்றி, இரண்டு காதையும் பொத்தி, வாயை ஆவென்று திறந்து வைத்திருந்தாள். குண்டு விழும்போது வாயை மூடியிருந்தால் காது கிழிந்துவிடும் என்று மன்னார்ப் பக்கத்தில் எந்தக் காலத்திலோ யாரோ சொல்லிக்கொடுத்தது. அவளுக்கு அறுபத்தொன்பது வயது. காலையில் பிரஷர் மாத்திரை போட்டோமா இல்லையா என்பதை அந்த உடம்பு மதியத்துக்குள் மறந்துவிடும். இதை மட்டும் மறக்காது. விழுவதற்கு முன்னால் அவளை ஒரு வார்த்தை கேட்கவும் கேட்காது.

விழுந்தவள் சும்மா விழுந்திருக்கலாம். தலை மலையைப் பார்த்து விழுந்துவிட்டாள். அதுதான் வினை.

ஆந்திராவிலிருந்து வந்திருந்த ஒரு மஞ்சள் சேலைக்காரம்மா அப்படியே நின்றுவிட்டார். என்ன பக்தி! என்ன சரணாகதி! அவரும் பக்கத்தில் விழுந்தார். அவர் விழுந்ததைப் பார்த்து அவருடைய வேன் முழுக்க விழுந்தது. வேனைப் பார்த்துப் பின்னால் வந்தவர்கள் விழுந்தார்கள். ஒருவர் சூடம் ஏற்றத் தீப்பெட்டியைத் தேடினார்.

"ஆசீர்வதிஞ்சண்டி அம்மா!" என்று மஞ்சள் சேலைக்காரம்மா யோகராணியின் கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பக்கத்தில் சுக்குக் காபி விற்கும் திரௌபதி, கேனை வைத்துவிட்டு ஓடி வந்தாள். "யக்கா, எந்திரி யக்கா! இன்னும் கொஞ்ச நேரம் படுத்தின்னா உனக்குக் கோயில் கட்டிடுவாங்க."

யோகராணி எழுந்தாள். வழக்கமாக விழுந்தால் மாலை வரை கை நடுங்கும். அன்று என்னவோ சீக்கிரமே நின்றுவிட்டது. அதைக் கவனிக்கிற நிலையில் அவள் இல்லை. கோபம் தலைக்கேறியிருந்தது.

"நான் கும்பிடேல்லை! விழுந்தனான்! விளங்குதோ? போங்கோ அங்கால!"

இந்த ஊரில் அது பெரிய தப்பு. சிரித்துப் பேசினால் ஆட்டோக்காரர் என்று நினைப்பார்கள், கத்தித் திட்டினால் சித்தர் என்று முடிவுகட்டிவிடுவார்கள். கூட்டம் இன்னும் நெருங்கியது. வண்டித் தட்டில் காசு விழுந்தது. யாரும் கடலை கேட்கவில்லை.

சித்தர் ஆனதில் வந்த லாபம், வீங்கிப்போன ஒரு மணிக்கட்டு.

யோகராணி இருப்பது முகாமில். தொண்ணூறாம் வருஷம் இலங்கையிலிருந்து படகில் வந்து இறங்கி, மண்டபம் முகாமில் வைத்திருந்து, பிறகு பஸ்ஸில் ஏற்றி இந்த மலையடியில் இறக்கிவிட்டார்கள். வந்த புதிதில் முகாம் வாசலில் இருந்த பலகையில் 'அகதிகள்' என்று எழுதியிருந்தது. இப்போது 'மறுவாழ்வு' என்று மாற்றி எழுதியிருக்கிறார்கள். பலகைக்குப் புது வாழ்வு வந்தது உண்மை. உள்ளே இருக்கும் பெரிசுகளுக்குப் பழைய உடம்புதான். ஒருவர் அரிசியைத் தலையணை உறைக்குள் வைத்துக்கொண்டு தூங்குவார். இன்னொருவர் கதவை யாராவது தட்டினால் பின்பக்கமாக வெளியே போய்விடுவார். கோயிலுக்கு யாரோ பெரிய மனிதர் ஹெலிகாப்டரில் வந்தால், முகாமின் பொடிசுகள் மேலே பார்த்துக் கை காட்டும். பெரிசுகள் பேச்சை நிறுத்திவிட்டு வேப்பமரத்தடிக்குப் போய் நிற்கும். நிழலுக்காகத்தான் என்று சொல்லும். மழை பெய்யும்போதும் அப்படித்தான் சொல்லும்.

யோகராணிக்கு இடது காது கம்மி. பிரஷர் ஜாஸ்தி. தூக்கம் தவணை முறையில் வரும். அதுவும் வாசல் பக்கம் கால் நீட்டி, சுவரில் முதுகைச் சாய்த்து, உட்கார்ந்தபடிதான். மல்லாந்து படுத்து அவளை யாரும் பார்த்ததில்லை. இத்தனையும் வைத்துக்கொண்டுதான் வண்டி தள்ளினாள். வெடி போடுகிறவன் குனிவதைக் கண்ணால் பார்த்துவிட்டால், வண்டியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்து நின்றுவிடுவாள். அப்படியே பல வருஷம் சமாளித்தாள். இப்போது இரண்டு கண்ணிலும் புரை. பீடிக்காரன் குனிவது தெரியாது, சத்தம் மட்டும் தெரியும். அதனால்தான் இந்த வருஷம் சாஷ்டாங்கம் அதிகமாகிவிட்டது.

மகன் மாறன் பெயிண்டர். ரமணாசிரமம் பக்கம் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் விடுதிகளுக்கு, மனசுக்கு அமைதி தரும் நிறமாகப் பார்த்து அடிப்பவன். வீட்டுக்கு வரும்போது அவன் மேல் அமைதி அங்கங்கே தெறித்திருக்கும், மனசில் மட்டும் இருக்காது.

"அம்மா, போதும். தீபத்துக்கு ஊரே வெடி வைக்கும். நீ ரோட்டுல விழுந்து மண்டைய ஒடச்சுக்குவ. வண்டிய வித்துடலாம்."

"விப்பாய். ஆரைக் கேட்டு?"

"அப்போ கண்ண ஆபரேஷன் பண்ணிக்க. பண்ணிக்கிட்டா வண்டிய எடு. இல்லன்னா தீபத்துக்கு முன்னாடி நானே சங்கிலி போட்டுப் பூட்டிடுவேன்."

யோகராணி அவனை ஒரு பார்வை பார்த்தாள். பார்வை கொஞ்சம் தள்ளிச் சுவரில் விழுந்தது. அங்கேதான் மாறன் நிற்பதாக அவள் நினைத்திருந்தாள்.

வீடு அரசாங்கம் கொடுத்தது. அரிசி ரேஷனில் வருவது. சேலையில் பாதி யாரோ தானம் கொடுத்தது. வண்டி மட்டும் யாரும் கொடுத்ததில்லை. செங்கம் ரோட்டில் பழைய இரும்புக் கடையில் சக்கரம் பொறுக்கி, அவளே நின்று பற்றவைத்து வாங்கியது. கடலையை ஊர்க்காரர்கள் மல்லாட்டை என்று கேட்பார்கள். அவள் கச்சான் என்று சொல்லித்தான் கொடுப்பாள். முப்பது வருஷமாக இரண்டு பக்கமும் விட்டுக்கொடுக்கவில்லை.

"சரி. கண்ணை வெட்டட்டும்" என்றாள்.

ஊருக்குள் இருந்த கண் ஆஸ்பத்திரியில் பச்சை அங்கி மாட்டி, தலைக்குத் தொப்பி போட்டு, சொட்டு மருந்து விட்டு, மேஜையில் மல்லாக்கப் படுக்கவைத்தார்கள். அதுவரைக்கும் யோகராணி பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். பிறகு முகம் முழுக்க மூடுகிற மாதிரி ஒரு துணியைப் போட்டார்கள். கண் இருக்கும் இடத்தில் மட்டும் ஓட்டை. எல்லோருக்கும் போடுவதுதான்.

துணி மூக்கில் பட்டதும் உடம்பு எழுந்துவிட்டது. துணி ஒரு பக்கம் பறந்தது, தட்டு ஒரு பக்கம் உருண்டது. நர்ஸ் "அம்மா! அம்மா!" என்று கூப்பிடும்போது அவள் வாசலைத் தாண்டியிருந்தாள். பச்சை அங்கியும் தொப்பியுமாக ஒரு ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள்.

"ஆபரேஷன் முடிஞ்சிதாம்மா?" என்றார் டிரைவர், ரொம்பப் பக்குவமாக.

"ஓடி வந்திட்டன். கெதியா விடு."

ஆட்டோவும் பறந்தது. அங்கியைத் துவைத்து, மடித்து, மறுநாள் மாறனிடம் கொடுத்து அனுப்பினாள். திருடி என்று ஒருவன் சொல்லிவிடக் கூடாதல்லவா.

மாறன் திரும்பி வந்து, ஆஸ்பத்திரியில் சொன்னதைச் சொன்னான். நோயாளி ஒத்துழைக்கவில்லையாம்.

அந்த ஒரு சொல்தான். முகாமின் கடைசி வீடு வரைக்கும் அவள் குரல் கேட்டது.

"நான் ஒத்துழைக்கேல்லையோ? ஏறு எண்டாங்கள், படகில ஏறினன். குதி எண்டாங்கள், கழுத்தளவு தண்ணியில குதிச்சன். வரிசையில நில் எண்டாங்கள், இண்டைக்கும் முகாமில ஒவ்வொரு செக்கிங்குக்கும் போய் நிக்கிறன். ஒத்துழைச்சு ஒத்துழைச்சுத்தானேடா இவ்வளவு தூரம் வந்தனான்! இதுக்கு மேல ஆரோட ஒத்துழைக்க?"

மாறன் பெயிண்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே போனான். அம்மா கத்தும்போது போய்விடுவது நல்லது. அம்மா சொல்லாமல் விட்டது என்னவென்று அவனுக்குத் தெரியும்.

அவள் அதைச் சொல்லவே மாட்டாள். யாராவது போர்க்காலத்தைப் பதிவு செய்ய வந்து கேட்டால், "மண் விழுந்தது" என்பதோடு முடித்துக்கொள்வாள். நடந்தது இதுதான். வீட்டுக்குப் பின்னால் பனங்கட்டை அடுக்கிப் பதுங்குகுழி வெட்டியிருந்தார்கள். விமானம் வந்த அன்று கடைசியாக உள்ளே நுழைந்தவள் அவள். வாய்ப்பக்கம் இடிந்து, தலையும் நெஞ்சும் மண்ணுக்குள் போயின, கால் மட்டும் வெளியே இருந்தது. மூக்கிலும் வாயிலும் மண். கண்ணைத் திறந்தாலும் இருட்டு, மூடினாலும் இருட்டு. எவ்வளவு நேரமோ. அப்புறம் அவள் மனுசன் வந்து கணுக்காலைப் பிடித்து இழுத்தார். அவள் வந்தாள். அவளுக்கு முன்னால் உள்ளே போயிருந்த அவளுடைய தங்கை வரவில்லை. மனுசனும் இந்த மலையடிக்கு வந்து சில வருஷத்தில் போய்விட்டார்.

இவ்வளவுதான். இதற்கு மேல் அவளே சொல்லாதபோது, மற்றவர்களுக்கு என்ன உரிமை.

அடுத்த வாரமே யோகராணி போரை அறிவித்தாள். எதிரி ஒரு துணி. மத்தியானம் கடை இல்லாத நேரத்தில் வீட்டில் பாய் விரித்து, மல்லாந்து படுத்து, முகத்தில் வேட்டித் துணியைப் போட்டுப் பழகுவது என்று முடிவு. திரௌபதிதான் நடுவர்.

முதல் நாள், துணி மூக்கைத் தொட்டதும் சொம்பு பறந்தது. மறுநாள் திரௌபதி சொம்பை ஒளித்துவைத்தாள். யோகராணி செருப்பை எறிந்தாள். சாமி பாட்டுப் போட்டுப் பார்த்தார்கள். ஃபேனைப் பக்கத்தில் இழுத்து வைத்துப் பார்த்தார்கள். துணியில் மல்லிகைப் பூ முடிந்து பார்த்தார்கள். எதற்கும் அசையவில்லை, அந்த உடம்பு. வேர்த்துக் கொட்டிக்கொண்டு எழுந்து உட்கார்ந்துவிடும்.

"விட்டுடேன் யக்கா" என்றாள் திரௌபதி. "ஊர்ல கண்ணு தெரியாதவங்க வாழலியா?"

"வாழட்டும். நான் கச்சான் விக்கோணும். போடு துணியை."

திரௌபதிக்கு அலுத்துப்போனது. அலுப்பில்தான் அவளுக்குக் குறும்பு வரும். துணியைப் போட்டாள். போட்ட கையோடு கால்மாட்டில் போய் உட்கார்ந்தாள். மஞ்சள் சேலைக்காரம்மா மாதிரியே இரண்டு கணுக்காலையும் இறுக்கிப் பிடித்து, தலையை ஆட்டி ஆட்டி, "ஆசீர்வதிஞ்சண்டி அம்மா! என் சுக்குக் காபி நல்லா விக்கணும்! என் மாமியாருக்கு வாய் அடைச்சுப் போவணும்!" என்றாள்.

செருப்பு வரும் என்று தலையைக் குனிந்து காத்திருந்தாள்.

வரவில்லை.

"யக்கா?"

சத்தமில்லை. துணி மூக்கின் மேல் மெல்ல ஏறி இறங்கியது.

"யக்கா, உயிரோட கீறியா?"

"விடாதை" என்றது துணி. "அப்பிடியே பிடிச்சுக்கொண்டிரு."

திரௌபதி பிடித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் துணிக்கு அடியிலிருந்து குறட்டை வந்தது. யோகராணி மல்லாந்து படுத்துத் தூங்கிவிட்டாள். திரௌபதிக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கண்ணில் ஏதோ வந்தது. பிடித்த கையை எடுக்கக் கூடாது என்பதால், தோளால் துடைத்துக்கொண்டாள். பிடி தளர்ந்துவிடுமோ என்று இரண்டு கால் கட்டைவிரலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து மாறன் வேலை முடிந்து வந்தான்.

வாசலில் நின்று பார்த்தவன் கண்ணில் பட்டது இதுதான்: அம்மா மல்லாக்கக் கிடக்கிறாள். முகத்தில் வெள்ளைத் துணி. கால்மாட்டில் திரௌபதி, கண் கலங்கி, கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டுவது போலப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

வேறென்ன நினைப்பான்? பச்சை பெயிண்ட் வாளி கையிலிருந்து விழுந்தது. "அய்யோ அம்மா!" என்று அவன் போட்ட சத்தத்தில் அக்கம்பக்கமெல்லாம் ஓடி வந்தது. ஒரு கிழவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

பிணம் துணியை விலக்கி எழுந்து உட்கார்ந்தது.

"ஏனடா கத்துறாய்? இப்பதானே கண் அயர்ந்தனான்!"

பிறகு வாசலைப் பார்த்து மோப்பம் பிடித்தது. "பெயிண்டையும் கொட்டிப்போட்டான். ஆர் கழுவுறது?"

மாறன் வாசற்படியில் உட்கார்ந்து அழுதான், சிரித்தான், எது எப்போது என்று அவனுக்கே தெரியவில்லை. அந்தப் பச்சைக் கறை இன்னும் அங்கே இருக்கிறது. கழுவக் கூடாது என்று யோகராணியின் உத்தரவு.

மறுபடி ஆஸ்பத்திரி. டாக்டர் வினோதினிக்கு முப்பது வயது இருக்கும். ஓடிப்போன அம்மா தானாகத் திரும்பி வந்ததே அவருக்கு ஆச்சரியம்.

"இந்த வாட்டி இருப்பீங்களாம்மா?"

"இருப்பன். ஒரு கதை சொல்லோணும். நான் படுத்திருக்கேக்க ஆராவது என்ர காலைப் பிடிக்கோணும்."

டாக்டர் சிரித்துவிட்டார். கூட வந்த திரௌபதி சிரிக்கவில்லை. யோகராணியும் சிரிக்கவில்லை. டாக்டரின் சிரிப்பு நடுவழியில் நின்றது.

"காலையா?"

"கணுக்காலை. விடாமல். இல்லாட்டிக் கதவைத் திறந்து வையுங்கோ. எனக்கு வெளியில போற வழி எந்தப் பக்கம் எண்டு தெரியோணும்."

"கதவு திறக்க முடியாதும்மா, கிருமி உள்ள வந்துடும். மயக்க மருந்து குடுத்துப் பண்ணலாம்னா உங்க பிரஷருக்கு பயமா இருக்கு." டாக்டர் கொஞ்சம் யோசித்தார். "முன்னாடி என்னாச்சும்மா?"

"மண் விழுந்தது."

டாக்டர் மேலே கேட்கவில்லை. அதனாலேயே யோகராணிக்கு அவரைப் பிடித்துப்போனது.

"கவியா" என்று நர்ஸைக் கூப்பிட்டார் டாக்டர். "இந்தம்மா கால் உன் பொறுப்பு."

துணி வந்தது. மூக்கில் பட்டது. மருந்து வாசனைக்கு அடியில் மண் வாசனை வந்தது. இங்கே மண் இல்லை, இது செங்கம் ரோட்டுக்குப் பக்கம், இது ஆஸ்பத்திரி, என்று யோகராணி தனக்குள் சொல்லிக்கொண்டாள். உடம்பு நம்பவில்லை. முதுகு வேர்த்தது. கை மேஜை விளிம்பைத் தேடியது. எழப்போகிறாள். இதோ எழப்போகிறாள்.

கணுக்காலில் ஒரு கை விழுந்து இறுகியது. கையுறைக்குள் சூடான கை.

சரி. வழி அந்தப் பக்கம்தான்.

மேலே வெளிச்சம் நீலமாகவும் ரோஜா நிறமாகவும் கரைந்து ஓடியது. தண்ணீர் வழிந்தது. பாதியில் ஏதோ ஒன்றை எடுத்துத் தர கவியா திரும்பினாள். கால் தனியானது. வெளிச்சம் சட்டென்று மண் நிறமானது.

"பிள்ளை, கால்!" என்றாள் யோகராணி, உதடு அசையாமல்.

"காலைப் பிடி கவியா! காலைப் பிடி!" என்று டாக்டர் போட்ட சத்தம் வெளியே வரைக்கும் கேட்டது. வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள், உள்ளே என்ன மாதிரி ஆபரேஷன் நடக்கிறது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கை திரும்ப வந்தது. அதன் பிறகு விடவேயில்லை.

கட்டுப் பிரித்த அன்று யோகராணி முதலில் பார்த்தது மலையை. "இது இவ்வளவு கிட்டவே நிண்டது?" என்றாள். இரண்டாவதாகப் பார்த்தது மகனை. "தலை நரைச்சுப் போச்சேடா உனக்கு." மூன்றாவதாக வாசலில் இருந்த பச்சைக் கறையை. அதைத் தாண்டிக் கால் வைத்து உள்ளே போனாள்.

கார்த்திகை பிறந்து, தீபத்துக்குக் கொடியேறி, ஊர் நிறையத் தொடங்கிய ஒரு மதியம். வண்டியில் சங்கிலி இல்லை. அடி அண்ணாமலை வளைவில் மறுபடி ஒரு சாவு. அதே பறை, அதே ஆட்டம், அதே பீடிக்காரன்.

அவன் குனிவதை யோகராணி பார்த்தாள். ஒரு கண்ணால் தெளிவாக. இன்னொன்றுக்கு ஆபரேஷன் பொங்கலுக்கு அப்புறம்.

"ஏய்! நில்லடா!"

பீடிக்காரன் நின்றான். பறை நின்றது. பாடையும் நின்றது.

"என்னாம்மா?"

யோகராணி முந்தானையை இழுத்துச் செருகினாள். வண்டியின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்தாள். காலை அகட்டி ஊன்றினாள். திரௌபதி ஓடி வந்து கணுக்காலைப் பிடிக்கக் குனிந்தாள். "தேவையில்லை, தள்ளு" என்று காலால் ஓரங்கட்டினாள்.

"ம். இப்ப வை."

டமார்!

முழங்கால் மடிந்தது. வாய் தானாகத் திறந்தது. பாதி தூரம் கீழே போனாள். வண்டி கிறீச்சிட்டது, கடலை கொட்டியது. முப்பத்தைந்து வருஷம் அவளைக் கீழே இழுத்தது, மகன் சண்டை போட்டும் விற்காத வண்டி அவளை மேலே பிடித்தது. ஒரு மூச்சு. இரண்டாவது மூச்சு. மடிந்த முழங்கால் நிமிர்ந்தது. கை நடுங்கியது. நடுங்கிவிட்டுப் போகட்டும். அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"போடா, போய் நல்லபடியா எரிச்சுப்போட்டு வா" என்று பிணத்துக்கு வழிவிட்டாள்.

கொட்டிய கடலையைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தபோது ஒரு வேன் வந்து நின்றது. மஞ்சள் சேலைக்காரம்மா, இந்த முறை பச்சைச் சேலையில், தேங்காய் பழத் தட்டோடு இறங்கினார். யோகராணியின் முகத்துக்கு நேராகப் பார்த்தார். அடையாளம் தெரியவில்லை. யோகராணி எழுந்து கத்தியபோதும் தலை நிமிராமல் கிடந்தவர், அன்று பார்த்ததெல்லாம் கணுக்காலும் முதுகும்தானே.

"இங்க ஒரு அம்மா... மலையைப் பார்த்து விழுந்து கும்பிடுவாங்களே, பெரிய சாமி... அவங்க எங்க?" என்று தெலுங்கும் தமிழும் கலந்து கேட்டார்.

திரௌபதி வாயைப் பொத்திக்கொண்டாள்.

யோகராணி ஒரு காகிதத்தைச் சுருட்டிப் பொட்டலமாக்கினாள். கை இன்னும் நடுங்கியதால், கடலை விளிம்பு வரை நிறைந்து வழிந்தது.

"அவ எழும்பிட்டா" என்றாள். "கச்சான் வேணுமோ?"